பாக்ஸிங்கில் எல்லாக் காலத்து ஹெவிவெயிட் (மிக அதிக எடைப் பிரிவு) வீரர்களில் யாருடைய குத்து மிகப் பலமானது? மைக் டைசனா, ஜார்ஜ் ஃபோர்மனா, டியான்டே வைல்டரா?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்ட மூன்று பேருக்குள் என்றால் ஜார்ஜ் ஃபோர்மன். மூன்று பேரைத் தாண்டியும் பார்க்கலாம் என்றால், ஒற்றைக் குத்தின் பலத்தில் எர்னி ஷேவர்ஸ். உலகப் பட்டத்தை ஒருமுறைகூட வெல்லாதவர் என்பதால் அவர் பெயர் நம்மிடையே அவ்வளவாக அடிபடுவதில்லை. அவருக்குச் சேர வேண்டிய பெயர் சேரட்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

கல்லூரிக் காலத்தில் நான்கு வருடம் பாக்ஸிங் பழகினேன். 64 கிலோ பிரிவு. சீனியர் ஆன பிறகு மாஸ்டர் என்னை அடிக்கடி பேட் (மற்றவர்கள் குத்திப் பழகக் கையில் மாட்டும் மெத்தை) பிடிக்க நிறுத்திவிடுவார். ஒரு மாலை இரண்டு பையன்களுக்குப் பிடித்தேன். ஒருவன் 90 கிலோவுக்கு மேல், ஜிம்மில் வளர்த்த கைகள். அவன் குத்தினால் பட்டாசு வெடித்த மாதிரிச் சத்தம் வரும். பக்கத்தில் ஸ்கிப்பிங் ஆடுகிறவர்கள் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு உள்ளங்கை மட்டும் சுரீரென்று எரியும், அதோடு சரி. இன்னொருவன் 75 கிலோ இருப்பான். ஒல்லி, நீளமான கை. அவன் வலது கையை விட்டால் 'தொப்' என்று ஒரு சின்னச் சத்தம்தான். ஆனால் அந்த அதிர்வு மணிக்கட்டில் நிற்காது. முழங்கை வழியாகத் தோள்பட்டைக்கு ஏறும், என்னுடைய பின்னங்கால் தானாகவே அரை அடி நகர்ந்துவிடும். மூன்று ரவுண்ட் பிடித்து முடித்தபோது தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருக விரல்கள் மடங்கவில்லை. "வலிக்குதாண்ணா?" என்று கேட்டுவிட்டு அவனே வாங்கித் திறந்து கொடுத்தான்.

பெரியவன் தோளிலிருந்து மட்டும் குத்தினான். ஒல்லிப் பையனின் குத்து பின்னங்காலில் கிளம்பி, இடுப்பு திரும்பி, தோள் வழியாக வந்தது. படுகிற நேரத்தில் மணிக்கட்டும் முழங்கையும் இறுகிக்கொள்வதால் உடம்பின் எடையும் கையோடு சேர்ந்து இறங்கும். ரிங்குக்கு வெளியே நின்று பார்க்கிறவருக்கு இது தெரியாது, வாங்கியவனைத்தான் கேட்க வேண்டும். வெவ்வேறு காலத்து வீரர்களை ஒப்பிடும்போதும் நான் இதே வழியைத்தான் நம்புகிறேன்.

இயந்திரம் வைத்து அளந்துவிட்டால் போகிறது என்று சிலர் சொல்வார்கள். அளந்தும் இருக்கிறார்கள். அப்போது உலகத் தரவரிசையில் இருந்த பிரிட்டிஷ் வீரர் ஃபிராங்க் புருனோவை, அளவுக் கருவி பொருத்தித் தொங்கவிட்ட ஓர் இலக்கில் குத்தவைத்து, 1985-ல் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். முஷ்டியின் வேகம் வினாடிக்கு 8.9 மீட்டர், அதாவது மணிக்கு 32 கிலோமீட்டர். பட்ட 14 மில்லி வினாடிக்குள் 4,096 நியூட்டன் விசை. ஒரு மனிதத் தலையில் நேராக விழுந்தால் அது 6,320 நியூட்டன் வரை போகலாம் என்று கணக்கிட்டார்கள். 6 கிலோ மரச் சம்மட்டிக்கு மெத்தை சுற்றி, ஓடும் சைக்கிளை விட வேகமாக முகத்தில் வீசுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பிரமிப்பான எண்தான். ஆனால் அதே புருனோ மறு வருடமே சாம்பியன் டிம் விதர்ஸ்பூனை வீழ்த்த முடியாமல் 11-வது ரவுண்டில் தோற்றார். தொங்குகிற இலக்கு பின்வாங்காது, தோளைத் தூக்கித் தாடையை மறைக்காது. பழைய சாம்பியன்களான ராக்கி மார்சியானோவையும் ஜோ லூயிஸையும் இனி எந்த இயந்திரத்தின் முன்னாலும் நிறுத்த முடியாது என்பதும் இருக்கிறது.

நாக்அவுட் சதவீதத்தைக் காட்டுகிறவர்களும் உண்டு. டியான்டே வைல்டரின் முதல் 40 வெற்றிகளில் 39 நாக்அவுட். மார்சியானோவுக்கு 49-ல் 43, ஃபோர்மனுக்கு 76-ல் 68, ஷேவர்ஸுக்கு 74-ல் 68. வைல்டரின் ஆரம்ப கால எதிரிகளில் பலர் தரவரிசைப் பக்கமே வராதவர்கள். ஷேவர்ஸின் பட்டியலிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. யாரை விழுத்தினார்கள் என்று பார்க்காமல் இந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

எடை விஷயம்தான் உண்மையிலேயே சிக்கலானது. 1952 செப்டம்பர் 23, பிலடெல்பியா. ராக்கி மார்சியானோ முதல் ரவுண்டிலேயே கீழே விழுந்து எழுந்தவர், 12 ரவுண்ட் முடிந்தபோது புள்ளிகளிலும் பின்தங்கியிருந்தார். 13-வது ரவுண்டில் சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட் கயிற்றில் சாய்ந்த நேரம் இருவருமே வலது கையை விட்டார்கள். மார்சியானோவுடையது முந்திக்கொண்டது. அது பயணம் செய்த தூரம் மிகக் குறைவு. வால்காட்டின் இடது கை கயிற்றில் மாட்டிக்கொள்ள, உடம்பு மெதுவாகச் சரிந்து மண்டியிட்டு, தலை தரையைத் தொட்டது. அந்தக் குத்தைப் போட்ட மனிதரின் எடை 84 கிலோகூட இல்லை. இன்றைக்கு 90.7 கிலோ வரை குரூசர்வெயிட் என்ற தனிப் பிரிவே இருக்கிறது. 1938-ல் மேக்ஸ் ஷ்மெலிங்கை 124 வினாடியில் முடித்த ஜோ லூயிஸுக்கும் சுமார் 90 கிலோதான். இவர்கள் இருவரும் இன்று ஹெவிவெயிட் வரம்புக்குள்ளேயே வந்திருக்க மாட்டார்கள். எதிரில் நிற்பவரோ 116 கிலோ பிரிட்டிஷ் வீரர் டைசன் ஃப்யூரி என்றால், அந்தத் தடித்த கழுத்தின் மேலிருக்கும் தலையைத் திருப்புவது வேறு வேலை. மூளைக்கு அடி விழுவது தலை சட்டென்று சுழல்வதால்தான். எடைக்கு எடை ஒப்பிட்டால் மார்சியானோவை முதலிடத்தில் வைக்க எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் உங்கள் கேள்வி மொத்த பலத்தைப் பற்றியது. அதில் அவரை மேலே வைத்தால் அது பாசத்தால் வைத்ததாகத்தான் இருக்கும்.

இந்தச் சிக்கலைக் கொஞ்சம் தாண்ட உதவுகிறவர் ஃபோர்மன். இரண்டு காலகட்டத்தில் ஒரே மனிதர் குத்தியிருக்கிறார் அல்லவா? 1973 ஜனவரி 22, ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரம். முகமது அலியையே தோற்கடித்த ஜோ ஃப்ரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு முறை விழுத்தினார். வீடியோவைப் பாருங்கள், அதில் அழகான பாக்ஸிங் இல்லை. விறகு பிளக்கிற மாதிரிக் கையை வீசுகிறார். ஆனாலும் ஆறாவது முறை, 97 கிலோ ஃப்ரேசியரின் கால்கள் தரையை விட்டுக் கிளம்புகின்றன. அடுத்து 1994 நவம்பர் 5, லாஸ் வேகாஸ். ஃபோர்மனுக்கு வயது 45, எடை 113 கிலோ. இருபது வருடம் முன்பு கின்ஷாசாவில் அலியிடம் பட்டத்தை இழந்தபோது போட்டிருந்த அதே டிரவுசர். மைக்கேல் மூரர் ஒன்பது ரவுண்டும் அவரை வேகத்தில் தோற்கடித்துக்கொண்டே வந்தார். பத்தாவது ரவுண்டில் இடது, வலது என்று இரண்டு கை. அந்த வலது கை ஓர் அடி தூரம் போயிருந்தால் அதிகம். மூரர் மல்லாந்து விழுந்தார், எண்ணி முடிக்கும் வரை எழவில்லை. வேகம் போய்விட்டது, கால் போய்விட்டது, மூச்சு போய்விட்டது, அந்தப் பலம் மட்டும் போகவில்லை. 2025 மார்ச்சில் அவர் காலமான செய்தி வந்த இரவு இந்தப் பத்தாவது ரவுண்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிர்வாதமும் இருக்கிறது. இன்னொரு சாம்பியனான இவாண்டர் ஹோலிஃபீல்டை 12 ரவுண்ட் அடித்தும் ஃபோர்மனால் ஒருமுறைகூட விழுத்த முடியவில்லை. டைசனாலும் முடியவில்லை, அது தனிக் கணக்கு.

டைசன் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். 1986-ல் சாம்பியன் டிரெவர் பெர்பிக் ஒரே இடது ஹூக்குக்கு (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) விழுந்து, எழப் பார்த்து மறுபடி மறுபடி சரிந்ததைப் பார்த்தவர்கள் டைசன் பலத்தைச் சந்தேகிக்க மாட்டார்கள். ஆனால் அவருடைய உண்மையான ஆயுதம் வேகமும் குறியும். கண்ணுக்குத் தெரிந்து வருகிற அடிக்குக் கழுத்து தானாக இறுகிக்கொள்ளும். தெரியாமல் வருகிற அடி அதில் பாதி கனம் இருந்தாலும் ஆளைச் சாய்த்துவிடும். டைசனின் குத்துகள் பெரும்பாலும் இந்த வகை. வைல்டருடையது நேர் எதிர். வலது கை வரப்போகிறது என்று உலகத்துக்கே தெரியும், எதிரிக்கும் தெரியும், அப்படியும் விழுவார்கள். 2019-ல் லூயிஸ் ஓர்ட்டிஸிடம் புள்ளிகளில் தோற்றுக்கொண்டிருந்தவர் ஏழாவது ரவுண்டில் ஒரே கையில் முடித்தார். 100 கிலோகூட இல்லாத உடம்புக்கு அது அசாத்தியம். இன்றைய தலைமுறையில் அவருக்கு மேல் யாரையும் வைக்க மாட்டேன்.

இனி ஷேவர்ஸ்.

1977 செப்டம்பர் 29, நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டன். மொட்டைத் தலை ஷேவர்ஸுக்கு அலி 'ஓக் மரக் கொட்டை' என்று பெயர் வைத்திருந்தார். இரண்டாவது ரவுண்டில் அந்த ஷேவர்ஸின் வலது கை தாடையில் இறங்கியது, அலியின் கால்கள் தள்ளாடின. உடனே அவர் கண்ணை உருட்டி, வாயைப் பிளந்து, அடி பட்டவன் மாதிரி நடிக்க ஆரம்பித்தார். நிஜமாகவே பட்டிருந்ததை மறைக்கத்தான் அந்த நடிப்பு. ஷேவர்ஸ் அதைத் தன்னை உள்ளே இழுக்கிற தந்திரம் என்று எண்ணி, பாய்ந்து முடிக்காமல் நின்றுவிட்டார். 15 ரவுண்ட் போய் அலி புள்ளிகளில் ஜெயித்தார். ஆப்பிரிக்காவில் இருக்கும் தன் சொந்தபந்தங்கள் வரைக்கும் அந்த அடி அதிர்ந்தது என்று பின்னாளில் சொன்னார். லிஸ்டன், ஃப்ரேசியர், ஃபோர்மன் மூவரிடமும் அடி வாங்கிய மனிதர் சொல்வது இது. அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, அந்தச் சண்டைக்குப் பிறகும் அலி ஓய்வு பெற மறுத்ததால், அவருடைய குழுவை விட்டே விலகினார். அலியின் பிற்கால நடுக்கத்தை நினைத்தால் அந்த 15 ரவுண்டை என்னால் முழுதாகப் பார்க்க முடிவதில்லை.

ஷேவர்ஸ் ஏன் சாம்பியன் ஆகவில்லை? மூச்சு. நான்கைந்து ரவுண்டில் தீர்ந்துவிடும். தாடையும் அவ்வளவு உறுதி கிடையாது. 1973-ல் ஜெர்ரி குவாரி அவரை முதல் ரவுண்டிலேயே முடித்தார். பலம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வந்தவர் அவர்.

ஷேவர்ஸ், டைசன் என்று இரண்டு காலகட்டத்தின் அடியையும் வாங்கிய சாட்சி, முன்னாள் சாம்பியன் லாரி ஹோம்ஸ். 1979 செப்டம்பர் 28, லாஸ் வேகாஸ். ஏழாவது ரவுண்டில் ஷேவர்ஸின் வலது கை மேலிருந்து வளைந்து வந்து தாடையில் விழுகிறது. ஹோம்ஸ் வெட்டிச் சாய்த்த மரமாக மல்லாந்து விழுகிறார். இனி எழ மாட்டார் என்றுதான் தோன்றும். எழுகிறார், கால் பின்னுகிறது, மூலையில் போய் மோதுகிறார். ஷேவர்ஸுக்கோ அதற்குள் கை ஓய்ந்துவிட்டது. 11-வது ரவுண்டில் ஹோம்ஸே ஜெயித்தார். எட்டு வருடம் கழித்து, 38 வயதில், கிட்டத்தட்ட இரண்டு வருடம் ரிங்கில் ஏறாமல் இருந்துவிட்டு வந்த அதே ஹோம்ஸை டைசன் நான்காவது ரவுண்டில் மூன்று முறை விழுத்தி நிறுத்தினார். 75 சண்டைகளில் ஹோம்ஸை இப்படி நிறுத்தியவர் டைசன் ஒருவர்தான். தன்னை வீழ்த்தியவர் பெயரைச் சொல்வதுதான் அவருக்குச் சுலபம். ஆனால் யாருடைய குத்து கனமானது என்று பேட்டிகளில் கேட்டபோதெல்லாம் அவர் சொன்ன பெயர் ஷேவர்ஸ்.