ரோபாட்டிக்ஸ் கிளப்பும் மிருதங்கமும்

அன்புள்ள ஐயா,

என் மகள் நியூ ஜெர்சியில் பன்னிரண்டாவது போகப்போகிறாள். மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படிக்க ஆசை. ஆனால் ரோபாட்டிக்ஸ், சயின்ஸ் ஒலிம்பியாட் எதிலும் இருந்ததில்லை. மிருதங்கம் வாசிக்கிறாள், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறாள், நாங்கள் வேலைக்குப் போனால் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். இப்போதாவது ஏதாவது கிளப்பில் சேர்த்துவிடலாமா? கட் ஆஃப் பார்த்து சீட் வாங்கிய எனக்கு இங்கே ஒன்றும் பிடிபடவில்லை.

மு., நியூ ஜெர்சி

அன்புள்ள மு.,

விண்ணப்பத்துக்காக என்றால் சேர்க்க வேண்டாம். செப்டம்பரில் சேர்ந்து நவம்பரில் விண்ணப்பத்தில் ஏறும் கிளப் எதற்காக என்று, கல்லூரியில் விண்ணப்பத்தைப் படிப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நம் ஊரில் இன்றும் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று கூட்டினால் கதை முடிந்தது. அங்கே மற்றதையும் பார்க்கிறார்கள், அதுதான் உங்களைப் பயமுறுத்துகிறது. ஆனால் பொறியியலுக்கு அவள் தயாரா என்பதை முக்கியமாகச் சொல்வது அவள் எடுத்த பாடங்களும் கிரேடுகளும்தான். பெரும்பாலான கல்லூரிகள் காமன் டேட்டா செட் என்று ஒன்றை வெளியிடுகின்றன. அதில் சி7 பகுதியைப் பாருங்கள். எதற்கு எவ்வளவு மதிப்பு என்று இருக்கும். பாடத்துக்கு வெளியே செய்பவை அறிவியல் சார்ந்திருக்க வேண்டும் என்று அங்கே கேட்பதில்லை.

பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் இவற்றுக்குப் பத்து இடம், ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்து. 'மிருதங்கம் வாசிப்பேன்' என்று அதை வீணாக்க வேண்டாம். எத்தனை பிள்ளைகள், எந்த வயது, தாளம் நிற்காத பையனை எப்படிக் கொண்டுவந்தாள், இதை எழுதட்டும். தம்பியையும் விட்டுவிடாதீர்கள். குடும்பப் பொறுப்புக்கென்றே அந்தப் பட்டியலில் தனி வகை உண்டு. நம் வீடுகளில் பெண்பிள்ளைகள் செய்யும் இந்த வேலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

ஏன் எஞ்சினியரிங் என்று பல கல்லூரிகள் தனியாக எழுதச் சொல்லும். கச்சேரிக்கு முன் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவார்களே, கொஞ்சம் கூடினாலும் நாதம் மாறிவிடும். மிருதங்கத்தின் மேற்சுரங்கள் ஏன் அவ்வளவு இசைவாகச் சேர்கின்றன என்று சி.வி. ராமனே ஆராய்ந்து 1920இல் நேச்சர் இதழில் எழுதியிருக்கிறார். இப்படி ஒரு கேள்வி அவளுக்கே வந்திருந்தால் அருமையான கட்டுரை கிடைக்கும். வராவிட்டால் நீங்கள் ஊட்டிவிடாதீர்கள். சைக்கிளோ, மிக்ஸியோ, எது அவளை மெக்கானிக்கல் பக்கம் இழுத்ததோ அதை எழுதினால் போதும்.

இந்த வாரமே ஒன்றைப் பாருங்கள். பன்னிரண்டாவதுக்கு எடுத்திருக்கும் பாடங்களில் கால்குலஸ் இருக்கிறதா? பிசிக்ஸ் இதற்கு முன்பே முடித்துவிட்டாளா? இல்லையென்றால் பள்ளி கவுன்சிலரைப் பார்த்துப் பேசுங்கள். வகுப்புகள் தொடங்கிவிட்டால் அப்புறம் மாற்றுவது கஷ்டம்.