உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு: கேள்வி பதில்

வெளிநாட்டு முதுகலைப் படிப்புக்கான உதவித்தொகைத் தேர்வுக் குழு ஒன்றில் சில ஆண்டுகள் விண்ணப்பம் படித்தவள் நான். அதற்கு முன்னால் இரண்டு முறை நிராகரிப்புக் கடிதம் வாங்கியவளும்கூட. விசா சந்தேகம் மட்டும் வேண்டாம், அது என் துறை இல்லை. மற்றதைக் கேளுங்கள்.

கேள்வி: என் மதிப்பெண் சுமார்தான். விண்ணப்பிக்கலாமா?

பதில்: எதற்கு என்று சொல்லவில்லையே! பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை வேலை அனுபவம் கேட்கிறது, 2,800 மணி நேரம். பகுதி நேர வேலையும் தன்னார்வப் பணியும் அதில் சேரும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படிப்பதற்கான கேட்ஸ் கேம்பிரிட்ஜ் உதவித்தொகையில் படிப்புத் திறமை மிக முக்கியம், ஆனால் அது மட்டும் போதாது. ஒரு பருவத்தில் மட்டும் மதிப்பெண் சரிந்திருந்தால் காரணத்தை இரண்டு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். மூன்றாவது வரி புலம்பலாகிவிடும்.

கேள்வி: கட்டுரையை எப்படித் தொடங்குவது?

பதில்: "சிறு வயதிலிருந்தே எனக்கு ஆர்வம்" என்று மட்டும் வேண்டாம். ஒரே நாளில் அந்த வரியைப் பல முறை படித்திருக்கிறேன். மனதில் நின்றது ஒரு செவிலியர் எழுதியது. இரவுப் பணியில் மருந்தின் அளவைத் தவறாகப் படிக்கிறார்கள் என்று கவனித்து, வார்டுச் சுவரில் ஒரு வண்ண அட்டவணை ஒட்டியிருக்கிறார். அடுத்த வார்டு அதைக் கேட்டு வாங்கிக்கொண்டது. பொதுச் சுகாதாரம் ஏன் படிக்க வேண்டும் என்பதற்கு அப்புறம் அவர் தனியாக விளக்கமே தரவில்லை. 'தலைமைப் பண்பு' என்ற சொல் கட்டுரையில் எங்கும் இல்லை.

கேள்வி: முகவர் ஒருவர் பணம் கட்டினால் இடம் உறுதி என்கிறார்.

பதில்: ஓடிவிடுங்கள். பல்கலைக்கழகத்தின் விண்ணப்பக் கட்டணம் வேறு, அதைப் பல்கலைக்கழகத்துக்கே நேராகக் கட்டுவீர்கள். உதவித்தொகையை யாரும் விற்க முடியாது.

கேள்வி: பரிந்துரைக் கடிதத்தை நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார் பேராசிரியர். என்ன செய்வது?

பதில்: எழுதாதீர்கள். ஒரு விண்ணப்பத்தில் இரண்டு பேராசிரியர்களின் கடிதமும் 'அயராத உழைப்பாளி' என்றே தொடங்கின. இரண்டிலும் ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் பிறகு இரட்டை இடைவெளி. ஒரே கை எழுதியது என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. அந்த விண்ணப்பம் அங்கேயே நின்றது.

கடிதத்துக்குப் பதிலாக ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: எந்தப் பாடம், எந்த ஆண்டு, என்ன ஆய்வறிக்கை, அதில் அவர் எழுதிய திருத்தம் என்ன, கடைசித் தேதி எது. அதையும் நான்கு வாரம் முன்பே கொடுங்கள்.

கேள்வி: இதெல்லாம் பேச நன்றாக இருக்கும். எல்லாரும் தாங்களே எழுதுகிறார்கள். மறுத்தால் எனக்குக் கடிதமே கிடைக்காது.

பதில்: பலர் எழுதுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பல இடங்களில் கடிதத்தைப் பதிவேற்றும் இணைப்பு நேராகப் பேராசிரியரின் மின்னஞ்சலுக்குப் போகிறது. "நீங்கள் கற்பித்தவர்களில் இவர் எந்த நிலையில்?" என்று படிவம் கேட்கும். அதை நீங்களே நிரப்புவது பொய்ச் சாட்சி. இன்னொன்று, நம்மைப் பற்றி நாமே எழுதும்போது கூச்சத்தில் பொதுவாகத்தான் எழுதுவோம். துறைத் தலைவரின் ஆறு வரியைவிட, ஆய்வகத்தில் கூடவே நின்ற இளம் விரிவுரையாளரின் ஒரு பக்கக் கடிதம் மேலானது. அவரிடம் கேளுங்கள்.

கேள்வி: நான் பேராசிரியர். ஒரே மாதத்தில் முப்பது பேர் வந்து நிற்கிறார்கள். எழுத நேரம் எங்கே?

பதில்: அப்படியானால் பத்துப் பேருக்கு எழுதிவிட்டு மற்றவர்களிடம் முடியாது என்று சொல்லிவிடுங்கள், ஐயா. முன்கூட்டியே சொன்னால் அவர்கள் வேறு ஆள் பார்ப்பார்கள். தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொள்ளச் சொல்லி அனுப்பினால், மாட்டிக்கொள்வது அவர்கள்தான், நீங்கள் இல்லை.

கேள்வி: எங்கள் ஆசிரியருக்கு ஆங்கிலத்தில் எழுத வராது. அப்போதுமா?

பதில்: நல்ல கேள்வி, இதுவரை யாரும் கேட்கவில்லை. அவர் தன் மொழியிலேயே எழுதட்டும். நிறுவனம் ஏற்றுக்கொண்டால், சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பை இணையுங்கள். மொழிபெயர்ப்பவர் நீங்களாக இருக்கக் கூடாது.

கேள்வி: மதிப்பெண் குறைவு, கிடைக்குமா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் பழைய சான்றிதழ் செல்லுமா?

பதில்: இரண்டு ஆண்டு வரை. தேதியைப் பாருங்கள்.

கேள்வி: படிப்பு முடிந்ததும் அங்கேயே தங்கலாமா?

பதில்: ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கேளுங்கள். செவனிங் வாங்கினால் படிப்பு முடிந்து குறைந்தது இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபுல்பிரைட் உதவித்தொகையிலும் இதே போன்ற இரண்டு ஆண்டு விதி உண்டு. விசா விவரம் தூதரகத்தில்.

கேள்வி: 'பதிவுக் கட்டணம்' கேட்டு மின்னஞ்சல் வந்தது. அனுப்பலாமா?

பதில்: மறுபடியுமா! உதவித்தொகையை யாரும் விற்க முடியாது.

கேள்வி: இரண்டு முறை நிராகரித்துவிட்டார்கள். அதே கட்டுரையை மறுபடி அனுப்பலாமா?

பதில்: நான் அப்படித்தான் செய்தேன், இரண்டாவது முறையும் தோற்றேன். மூன்றாவது முறை என்னை நன்றாகத் தெரியாத ஒரு தோழியிடம் கட்டுரையைக் கொடுத்து, "படித்தபின் நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொல்" என்றேன். அவளால் சொல்ல முடியவில்லை. அன்று இரவு முழுக்கத் திருத்தினேன்.

இன்னும் நான்கு பேர் மதிப்பெண் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். முதல் பதில், முதல் பதில்.