சம்பா பயிர்க் காப்பீடு: கேட்டவர்களுக்குப் பதில்கள்

வேளாண்மைத் துறையில் இருந்தபோது ஊர் விளைச்சலை அளக்கும் நெல் அறுவடைச் சோதனைகளைப் பல ஆண்டுகள் நடத்தியவன். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் பற்றி விவசாயிகள் கேட்டவற்றுக்கு அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நாலு வருஷமாகக் கட்டுகிறேன், ஒரு பைசா வரவில்லை. இந்த வருஷமும் கட்டணுமா? (மன்னார்குடி)

கட்டுங்கள். சம்பாவுக்கு நம் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். ஏக்கருக்கு 36,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 540 ரூபாய். ஒரு மூட்டை டிஏபி உரத்தின் விலையில் பாதிகூட இல்லை. மீதிப் பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. சீட்டுப் பணம் போலத் திரும்பி வரும் என்று நினைத்துத்தான் பலர் மனம் வெறுத்துப் போகிறார்கள். ஊர் விளைந்த வருஷத்தில் இது வராது.

என் வயல் கழுத்துவரை மூழ்கியது. எனக்கு ஒன்றுமில்லை, பக்கத்து ஊருக்கு வந்திருக்கிறது. இது என்ன நியாயம்? (திருத்துறைப்பூண்டி)

உங்கள் வேதனை புரிகிறது. மகசூல் குறைவுக்கு இந்தத் திட்டம் நெல்லில் உங்கள் வயலைத் தனியாகக் காப்பீடு செய்வதில்லை, உங்கள் வருவாய்க் கிராமத்தைக் காப்பீடு செய்கிறது. கடந்த 7 ஆண்டுகளில் நல்ல 5 ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதில் குறிப்பிட்ட சதவீதத்தை உத்தரவாத மகசூலாக வைப்பார்கள். அது ஏக்கருக்கு 2,000 கிலோ என்று கொள்வோம். இந்த வருஷம் ஊர்ச் சராசரி 1,500 என்றால் குறைவு 25 சதவீதம், 36,000-க்கு 9,000 ரூபாய். ஒரு மணி நெல்கூட எடுக்காதவருக்கும் 9,000, மேட்டு வயலில் நன்றாக அறுத்தவருக்கும் 9,000. ஊர்ச் சராசரி 2,000-ஐத் தாண்டிவிட்டால் யாருக்கும் இல்லை.

தனி வயல் வெள்ளச் சேதத்துக்கு வழி இருந்தது. நெல் தண்ணீரில் நிற்கும் பயிர் என்று சொல்லி 2018-ல் அதை எடுத்துவிட்டார்கள். டெல்டாவுக்கு அது பெரிய அநியாயம். 2026 காரீஃப் (ஜூனில் தொடங்கும் பருவம்) முதல் மறுபடி சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் அறிவித்தது.

கோயில் நிலம், வாய்மொழிக் குத்தகை. நான் சேரலாமா?

திட்டத்தில் குத்தகைதாரருக்கு இடம் உண்டு. அடங்கலில் (கிராமச் சாகுபடிப் பதிவேடு) உங்கள் பெயரில் சாகுபடி ஏற வேண்டும், அங்கேதான் சிக்கல். நிலத்துக்காரர்கள் குத்தகை உரிமை வந்துவிடும் என்று பயந்து காகிதம் தர மாட்டார்கள். கிராம நிர்வாக அலுவலரை நட்ட உடனே பாருங்கள், கடைசி வாரக் கூட்டத்தில் போய் நிற்காதீர்கள். பொது சேவை மையமோ கூட்டுறவுச் சங்கமோ, ரசீது வாங்கியதும் அங்கேயே நின்று சர்வே எண், உட்பிரிவு, பரப்பு மூன்றையும் சரிபாருங்கள்.

அறுத்துப் போட்ட கதிர் மழையில் நனைந்தால்?

வயலில் காயப் போட்டது என்றால் அறுத்ததிலிருந்து 14 நாள்வரை உண்டு. நனைந்த 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற உதவி எண்ணில் சொல்ல வேண்டும்.

அரசு நிவாரணம் வாங்கினால் காப்பீடு கிடைக்காதா?

இரண்டும் வேறு வேறு. நிவாரணம் 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் இருந்தால், ஹெக்டேருக்கு இவ்வளவு என்று தருவது. அது சாகுபடிச் செலவுக்குப் பத்தாது என்பதால்தான் காப்பீட்டையும் சொல்கிறேன்.

தென்னைக்கு?

என் துறை இல்லை. தோட்டக்கலை அலுவலரைக் கேளுங்கள்.

மூன்று வருஷம் கட்டினேன், வரவே இல்லை…

மன்னார்குடிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சோதனையே பித்தலாட்டம். நல்ல வயலாகப் பார்த்து அறுத்துவிட்டு எங்களுக்கு இல்லை என்கிறார்கள். (நாகை)

இதற்கு விரிவாகவே சொல்ல வேண்டும். வருவாய்க் கிராமத்துக்கு 4 சோதனை. வயல் எதுவென்று சமவாய்ப்பு எண் முறையில், குலுக்கல் போல, முன்னாலேயே தீர்மானமாகிவிடும். 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி அறுத்து, அடித்து, எடை போட வேண்டும்.

காகிதத்தில் அப்படித்தான் இருக்கும். வரப்பில் நின்றே எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். (அதே நாகைக்காரர்)

மறுக்க மாட்டேன், அப்படியும் நடந்திருக்கிறது. ஆனால் நான் கயிறு கட்டிய நாட்களில் பெரும்பாலும் அந்த வயல்காரர்கூட வந்து நின்றதில்லை. இழப்பீட்டுப் பட்டியல் வந்த பிறகு ஊரே திரண்டு வரும், அதற்குள் தாள்கள் கட்டப்பட்டிருக்கும்.

எப்போது, எங்கே அறுக்கிறார்கள் என்று யார் சொல்கிறார்கள்? (மறுபடி அவரே)

சரியான கேள்வி. தை பிறந்ததும் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் உங்கள் ஊர்ச் சோதனை சர்வே எண்களைக் கேளுங்கள். அந்த வயல்காரரிடம் தேதியைச் சொல்லச் சொல்லுங்கள். அன்றைக்கு நாலு பேராகப் போய் எடையைப் படம் எடுத்து வையுங்கள்.

ஐயா, கட்டணுமா வேண்டாமா, ஒரு வரியில்?

கட்டுங்கள். ரசீதில் சர்வே எண்ணைப் பாருங்கள்.