கேள்வி - பதில்: பிள்ளைகளும் கோவில்காடும்

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஊர்க் கோவில்காட்டுக்கு அழைத்துப் போனோம். ஒரு மயிலைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. “காட்டுல ஒண்ணுமே இல்லையே டீச்சர்” என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– தொடக்கப்பள்ளி ஆசிரியை, தேவகோட்டை

முப்பது பிள்ளைகள் பேசிக்கொண்டே நடந்தால் மயில் நின்றதே பெரிய விஷயம். அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டுக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். நம் பக்கத்துக் கோவில்காடுகளில் வீரை, காசான், உலக்கைப்பாலை போன்ற மரங்கள் கோடையிலும் மொட்டையாவதில்லை. அவற்றின் தடித்த இலைகள் மெதுவாகத்தான் மட்கும். அதனால் சருகுக்கடியில் ஈரம் தங்குகிறது. காட்டின் பாதிக் குடித்தனம் அங்கேதான் நடக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்து இரண்டொரு நாள் கழித்து, காலை 7 மணியிலிருந்து 9 மணிக்குள் போங்கள். சித்திரையில் போனால் எல்லாம் மண்ணுக்குள் இறங்கியிருக்கும். ஐந்து பேருக்கு ஒரு குழு. 4 மீட்டர் சணல் கயிற்றை நான்கு குச்சிகளில் சுற்றி ஒரு சதுரம் கட்டுங்கள். சருகை எடுப்பது பெரியவர் வேலை: முதலில் நீளக் கம்பால் கிளறிப் பார்த்துவிட்டு, கொத்துக்கரண்டியால் இரண்டு கரண்டி அள்ளி வெள்ளைத் துணியில் பரப்ப வேண்டும். இரண்டு நிமிடம் யாரும் துணியைத் தொடக் கூடாது. அதிர்வு அடங்கினால்தான் பூச்சிகள் நகரத் தொடங்கும். பெரும்பாலோர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

ஊசிமுனை அளவில் ஒன்று திடீரென்று துள்ளும். வயிற்றுக்கடியில் மடித்து வைத்திருக்கும் கவட்டையைத் தரையில் தட்டித் துள்ளுகிற உயிர் அது, ஆங்கிலத்தில் ஸ்பிரிங்டெயில். தொட்டால் சுருள்வது மரவட்டை. உடலின் பெரும்பாலான வளையங்களில் இரண்டு ஜோடிக் கால்கள் இருக்கும். வளையத்துக்கு ஒரே ஜோடி என்றால் பூரான், அது கடிக்கும். எதையும் விரலால் எடுக்க வேண்டாம், மெல்லிய பெயிண்ட் பிரஷ் போதும். பார்த்து முடித்ததும் சருகை எடுத்த இடத்திலேயே போட்டுவிட வேண்டும்.

கொஞ்சம் சருகை மட்டும் எடுத்து வந்தால், மீதியை வகுப்பில் பார்க்கலாம். 2 லிட்டர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, மூடியைக் கழற்றி, புனல்போல அடிப்பகுதிக்குள் கவிழ்த்து வையுங்கள். புனலுக்குள் வெங்காயம் வரும் வலைப்பையில் ஒரு துண்டு. (கொசுவலை வேண்டாம், கண் சிறிது, பூச்சி இறங்காது.) அதன்மேல் சருகு, பாட்டிலின் அடியில் ஈரத்தாள். 40 வாட் குண்டு பல்பை ஒரு சாண் உயரத்தில் எரிய விட்டால், சூட்டுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து பூச்சிகள் கீழே இறங்கும். எல்இடி பல்பில் அந்தச் சூடு கிடைக்காது. பல்பைக் கிட்டே வைத்தால் மெதுவாக நகர்பவை இறங்கும் முன்பே காய்ந்துவிடும், சருகு பற்றிக்கொள்ளவும் கூடும். ஆள் இல்லாமல் எரிய விடக் கூடாது. நான்கைந்து மணி நேரம் போதும். அன்று மாலையே எல்லாவற்றையும் காட்டில் விட்டுவிடுங்கள்.

எங்க ஆயா வீட்டுப் பின்கட்டு மண்ணுல குழியானை இருக்கு. அது ஏன் பின்னாடியே போகுது?
– இரண்டாம் வகுப்பு, பள்ளத்தூர்

அதன் உடம்பிலுள்ள முடிகள் முன்பக்கம் பார்த்துச் சாய்ந்திருக்கும் கண்ணு. பின்னால் போகும்போது மண்ணில் வழுக்கிக்கொண்டு போகும், எறும்பு இழுக்கும்போது பிரேக் மாதிரி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அப்படியே பின்னால் வட்டம் போட்டு, தலையால் மண்ணை வீசி வீசித்தான் குழி பறிக்கிறது. எறும்பு ஏறித் தப்பப் பார்த்தால் மண்ணை வாரி அடிக்கும். சாற்றை உறிஞ்சிவிட்டு வெறும் கூட்டை வெளியே எறிந்துவிடும். குழி ஓரத்தில் தேடிப் பார்.

வளர்க்க ஆசையா? அகலமான டப்பாவில் நாலு விரல் உயரத்துக்கு நன்றாகக் காய்ந்த, சலித்த மண் போடு. ஈரமண் சரியாது, அதில் குழி நிற்கும், ஆனால் எறும்பு மாட்டாது. ஒரு டப்பாவுக்கு ஒன்றுதான். இரண்டை விட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். இரண்டு நாளைக்கு ஒரு எறும்பு போதும். குழி காணாமல் போய், மண்ணுக்குள் பட்டாணி மாதிரி ஒரு உருண்டை இருந்தால் உடைக்காதே. அதிலிருந்து தட்டான் சாயலில் இறக்கைப்பூச்சி வரும். அது ஏறி நின்று இறக்கையை விரிக்க ஒரு குச்சியை நட்டு வை, மூடியைத் திறந்து வை.

ஊரைச் சுற்றிச் சீமைக்கருவேலம்தான். அதையும் காடு என்று பிள்ளைக்குச் சொல்லலாமா?
– வாசகர், காரைக்குடி

சொல்லலாம், ஆனால் பக்கத்தில் ஒரு கோவில்காட்டையும் காட்டிவிட்டுச் சொல்லுங்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம் அது. பூவுக்குத் தேனீ வரும், நெற்றை ஆடு தின்று புழுக்கையில் விதையைப் பரப்பும். ஒன்றுமே வாழாத இடம் என்பது மிகை. கோவில்காட்டில் மேலே பெருமரம், நடுவே காரை, சூரைப் புதர், அவற்றில் ஏறும் கொடி, கீழே சருகு என்று அடுக்கடுக்காக இருக்கும். கருவேலத்தில் அந்த அடுக்குகள் குறைவு. அதே கயிற்றுச் சதுரத்தை இரண்டு இடத்திலும் போட்டு, எத்தனை வகை இலை என்று எண்ணச் சொல்லுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பூச்சியைவிட இலை எண்ணுவது எளிது. கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும், ஷூ அவசியம்.

நவம்பர் மாதம் பொழுது சாயும் நேரத்தில் தோட்டத்தில் ஒரு குருவி விசில் அடிக்கிறது. பச்சை முதுகு, வால் குட்டை, அடிவயிறு சிவப்பு. என்ன குருவி?
– வாசகி, கானாடுகாத்தான்

ஆறுமணிக்குருவி. வடக்கே குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இங்கே வரும். பெரும்பாலும் விடியும்போதும் பொழுது சாயும்போதும் குரல் கொடுக்கும். சருகைப் புரட்டிப் புழு, பூச்சி தின்பதுதான் அதன் பிழைப்பு. மரத்தடியைப் பெருக்கி எரிக்காமல் ஒரு மூலையையாவது விட்டு வைத்தால் பங்குனி வரை தங்க வாய்ப்புண்டு.

பேரனைக் கோவில்காட்டுக்கு அனுப்ப பாம்புப் பயம். என்ன முன்னெச்சரிக்கை?
– வாசகி, புதுவயல்

முழுக்கால் சட்டை, மூடிய ஷூ. புற்று, கல் இடுக்கு, மரப்பொந்து எதிலும் கைவிடக் கூடாது. செருப்பில்லாமல்தான் நுழைய வேண்டும் என்ற வழக்கமுள்ள காட்டில், கும்பிட்டுவிட்டு வழித்தடத்திலேயே திரும்பிவிடுங்கள். சருகு கிளறும் வேலையை எல்லைக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம். உள்ளேயிருந்து சுள்ளிகூட எடுக்கக் கூடாத காடுகள் உண்டு, பூசாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். பிள்ளையை நடக்க விடாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108க்குச் சொல்லி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை.