டாக்டர்கள் கூடிப் பேசினால் புலம்பலா?

கேள்வி: ஓ.பி., வார்டு, வகுப்பு, பி.ஜி. தீசிஸ், இன்ஸ்பெக்‌ஷன் ஃபைல் என்று ஓடிவிட்டு வீட்டுக்குப் போனால் பிள்ளையிடம் எரிந்து விழுகிறேன். சக ஆசிரியர்கள் ஆறு பேர் அவ்வப்போது உட்கார்ந்து பேசலாம் என்றிருக்கிறோம். ‘புலம்பல் கோஷ்டி’ என்கிறார் துறைத் தலைவர். பலன் உண்டா டாக்டர்?
- உதவிப் பேராசிரியை, மருத்துவக் கல்லூரி

பதில்: முதல் இரண்டு மாதம் புலம்பத்தான் செய்வீர்கள் அம்மா. நாங்களும் அப்படித்தான். மகப்பேறு துறையில் நான் இருந்தபோது ஐந்து பேர் மியூசியம் அறையில், ஸ்பெசிமன் ஜாடிகளுக்கு நடுவே கூடுவோம். அங்கேதான் யாரும் தேடி வரமாட்டார்கள்! லீவு, இன்க்ரிமென்ட், டிரான்ஸ்ஃபர், இதே பேச்சு. ஒருநாள் மயக்க மருந்துத் துறைத் தோழி, டீயில் ஆடை கட்டியதுகூடத் தெரியாமல் டம்ளரையே பார்த்துக்கொண்டு, “அந்தப் பொண்ணு ஆபரேஷன் டேபிள்ல போனதுலேர்ந்து, தொண்டைக்குள்ள டியூப் போட லாரிங்கோஸ்கோப்பை எடுத்தாலே கை நடுங்குது” என்றாள். சாவு ஏன் நேர்ந்தது என்று அலசும் மரணத் தணிக்கைக் கூட்டத்தில் அத்தனை கேள்விக்கும் பதில் சொன்னவள். இதை மட்டும் அங்கே யாரும் கேட்கவில்லை. நாங்களும் அறிவுரை சொல்லவில்லை. இன்னொருத்தி, “எனக்கும் இருந்துச்சு, நாலு மாசம்” என்றாள். அவ்வளவுதான்.

உங்கள் தலைவர் சான்று கேட்டால் சொல்லுங்கள்: அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 74 டாக்டர்களை வைத்துச் செய்த ஆய்வு 2014-இல் வெளியானது. இரு வாரத்துக்கு ஒரு மணி நேரம், சம்பளத்தோடு, நிர்வாகமே ஒதுக்கியது. ஒரு பாதி பேர் சிறு குழுவாகக் கூடினார்கள். மற்றவர்கள் அந்த நேரத்தை இஷ்டப்படி கழித்தார்கள். நோயாளியை ‘நாலாம் பெட் கேஸ்’ என்று மட்டுமே பார்க்கும் அந்த மரத்துப்போன மனசு, கூடிப் பேசியவர்களிடம் நன்றாகவே குறைந்தது. ஆனால் மன அழுத்தமும் வேலைத் திருப்தியும் பெரிதாக மாறவில்லை. மாறாதுதானே? காலிப் பணியிடத்தைப் பேச்சா நிரப்பும்? அதற்குத் தனியாக மனு போடுங்கள்.

துறைத் தலைவரைக் குழுவில் சேர்க்காதீர்கள், எவ்வளவு நல்லவராக இருந்தாலும். வாட்ஸ்அப் குரூப் வேண்டவே வேண்டாம். ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். தூக்கமே இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் அது டீயோடு முடிகிற விஷயமல்ல. அன்றைக்கே அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசியான டெலிமனாஸ் எண் 14416-ம் இருக்கிறது.

இன்னொன்று. டியூட்டி முடிந்த பிறகு கூடாதீர்கள். பிள்ளைக்குச் சேர வேண்டிய நேரம் அது. மாதம் இரண்டு புதன்கிழமை, இரண்டிலிருந்து மூன்று மணி என்று எழுதியே கேளுங்கள்.