வலி நின்றுவிட்டது, இனியும் போக வேணுமா?

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல்லில் சூத்தை. முதலில் ஐஸ் தண்ணி பட்டால் மட்டும் கூசியது. பிறகு சுடுதேத்தண்ணி குடித்தால் நெடுநேரம் குத்தும். இரவில் படுக்க ஏலாது. குளிர்ந்த தண்ணியை வாயில் வைத்திருந்தால்தான் ஆறும். பாமசியில் அன்டிபயோட்டிக் வாங்கிப் போட்டேன். இப்போது வலியே இல்லை. இனியும் பல் வைத்தியரிடம் போக வேணுமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: கட்டாயம் போக வேணும். உங்கள் வலியை அந்த மருந்து நிறுத்தியிருக்காது. பல்லின் உள்ளே இருந்த நரம்பு செத்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

பல்லின் நடுவில் பற்கூழ் என்ற மென்மையான சதைப் பகுதி இருக்கிறது. நரம்பும் இரத்தக் குழாய்களும் வேர் நுனியிலுள்ள சிறு துளை வழியாக அதற்குள் வருகின்றன. சூத்தை மெல்ல மெல்ல அரித்தால் பற்கூழ் சும்மா இருக்காது. தன் உட்சுவரில் புதிய பன்முதலை, அதாவது பல்லின் உட்புறக் கடினப் பகுதியை, படிய வைத்துப் பின்வாங்கும். குளிர் பட்டுக் கூசி, சில விநாடிகளில் அடங்குகிற காலம் அது. அப்போதே அடைத்திருந்தால் பெரும்பாலும் அத்தோடு முடிந்திருக்கும்.

கிருமி நெருங்கியதும் பற்கூழ் அழற்சியடைகிறது. கையில் புண் வந்தால் வீங்க இடம் உண்டு. இங்கே சுற்றிலும் கடினமான சுவர், ஆகவே உள்ளே அழுத்தம் ஏறுகிறது. படுத்தால் தலைப் பக்கம் இரத்த அழுத்தம் கூடுவதால் குத்தலும் கூடும். சூட்டில் வலி நீடித்து, குளிரில் ஆறுகிறது என்றால் பற்கூழ் மீளும் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றே நாங்கள் எடுத்துக்கொள்வோம். அதன்பின் பற்கூழ் செத்துவிட்டால் வலியும் நின்றுவிடும்.

அன்டிபயோட்டிக் இரத்தத்தோடுதான் போகும். செத்த பற்கூழுக்கு இரத்தம் ஏது? உள்ளே தங்கிய கிருமி வேர் நுனியால் தாடை எலும்புக்குள் இறங்கும். பல் உயர்ந்ததுபோல் தோன்றி, கடிக்கும்போது நோகலாம். முரசில் சீழ்க் கொப்புளமும் வரலாம். சிலருக்கு ஒரு அறிகுறியும் இராது, எக்ஸ்ரேயில்தான் தெரியும்.

வழி இரண்டு: வேர்ச் சிகிச்சை (செத்த பற்கூழை எடுத்து, வேரின் உள்ளே சுத்தம் செய்து அடைப்பது), அல்லது பல்லைப் பிடுங்குதல். பல்லின் சுவர் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்லலாம். கடைவாய்ப் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்தால் மேலே உறையும் போடுவது நல்லது, இல்லாவிட்டால் உடையக்கூடும்.

அதுவரை நோவு திரும்பினால் பரசிட்டமோல் போதும். அஸ்பிரினை முரசில் வைக்காதீர்கள், வெந்துவிடும். காய்ச்சலும் இருந்தால் அதை விழுங்கவும் வேண்டாம். டெங்கு உள்ள ஊர் நம்முடையது, டெங்கென்றால் அஸ்பிரின் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

தாடைக்குக் கீழே வீங்கினாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தாலோ விடியும்வரை காத்திராமல் உடனே திருகோணமலை பொது வைத்தியசாலைக்குப் போங்கள்.