தனியாக ரோமுக்கு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் ஜெர்மனியில் முதுகலை படிக்கிறேன். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஆறு இரவுகள் இத்தாலி போவதாக ஏற்பாடு. கூட வருவதாகச் சொன்ன இரண்டு தோழிகளும் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டார்கள். எனக்கு மட்டும் ரோம் போகவும் வரவும் விமானச் சீட்டு எடுத்தாகிவிட்டது. அது போகக் கையில் இருப்பது 350 யூரோ, பகுதிநேர வேலையில் சேர்த்தது. ரோமில் பெண்களுக்கான பொது அறையில் ஒரு கட்டில் இரவுக்கு 32 யூரோ என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

ரோமில் மூன்று நாள், ஃப்ளோரன்ஸில் ஒரு நாள், வெனிஸில் இரண்டு நாள் என்பது திட்டம். பார்க்க வேண்டியவை என்று 31 இடங்களைப் பட்டியல் போட்டேன். டிக்கெட் விலையைக் கூட்டிப் பார்த்ததும் தலை சுற்றியது. "காசில்லாமல் போய் எல்லாவற்றையும் வாசலில் நின்று பார்த்துவிட்டு வருவதற்கு, போகாமலே இருக்கலாம்" என்கிறான் என் வகுப்புத் தோழன். தனியாகப் போகிறேன் என்றதிலிருந்து அம்மா சரியாகப் பேசுவதில்லை. ஒரு கூட்டத்தில் நீங்கள் ரோமில் ஓர் ஆகஸ்டில் தனியாகச் சுற்றியதைப் பற்றிப் பேசினீர்கள். நான் போகலாமா? வெயில் தாங்குமா? நான் சைவம் வேறு.

கே.

அன்புள்ள கே.,

போங்கள். சீட்டு எடுத்த பிறகு இந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது.

ஆனால் ஃப்ளோரன்ஸையும் வெனிஸையும் அடித்துவிடுங்கள். ஆறு நாளில் மூன்று ஊர் என்றால் ரயில் நிலையங்களையும் பெட்டி இழுக்கும் நேரத்தையும்தான் பார்ப்பீர்கள். வெனிஸ் வரைக்கும் வேக ரயிலில் போய்த் திரும்பக் கொடுக்கிற காசில் ரோமில் நாலு நாள் சாப்பிடலாம். ஆறு இரவும் ஒரே கட்டிலில் படுங்கள்.

கணக்கைப் போட்டுவிடுவோம். கட்டிலுக்கு 192 யூரோ. நகர வரி என்று ஒன்று உண்டு. அறை வாடகையில் சேராது, தங்கும் ஒவ்வொரு இரவுக்கும் தனியாக வாங்குவார்கள். அதற்கு ஒரு இருபது எடுத்து வையுங்கள். ஃபியுமிச்சினோ விமான நிலையத்தில் இறங்குகிறீர்கள் என்றால், ஊரின் முக்கிய ரயில் நிலையமான டெர்மினிக்கு நேராகப் போகும் ரயில் 14 யூரோ. அதே நிலையத்திலிருந்து கிளம்பும் சாதாரண ரயில் 8 யூரோதான். அது டெர்மினிக்குப் போகாது, திராஸ்தேவெரே, ஓஸ்தியென்ஸே வழியாகப் போகும், அங்கே மாறிக்கொள்ள வேண்டும். போக வர 16. மீதி 122 யூரோ, அதாவது நாளுக்கு இருபது. இருபதில் சாப்பாடு பதினான்கு. பஸ்ஸுக்கு ஒன்றரை யூரோ சீட்டு, நூறு நிமிடம் செல்லும், ஆனால் நீங்கள் பெரும்பாலும் நடக்கப்போகிறீர்கள். கடைசியில் முப்பது யூரோ போல மிஞ்சும். உங்கள் 31 இடங்களுக்கு உங்களிடம் இருப்பது அவ்வளவுதான்.

அதை வைத்துக்கொண்டு வாசலில்தான் நிற்க முடியும் என்று உங்கள் நண்பர் நினைக்கிறார். வேறு பல ஊர்களுக்கு அது சரி. ரோமுக்குச் சரியில்லை.

ரோம் கையில் காசில்லாமல் நடந்து வருகிறவர்களை எதிர்பார்த்தே வளர்ந்த ஊர். 1300இல் எட்டாம் போனிஃபஸ் போப் முதல் ஜூபிலி ஆண்டை, அதாவது ரோமுக்கு யாத்திரை வருவதற்கான புனித ஆண்டை, அறிவித்ததிலிருந்து கூட்டம் கூட்டமாக யாத்ரீகர்கள் வந்தார்கள். பாதிப் பேருக்குத் தங்க இடமில்லை, மொழி தெரியாது. 1548இல் பிலிப்பு நேரி என்பவர் ஒரு சகோதரத்துவ அமைப்பையே தொடங்கினார், வருகிறவர்களுக்குச் சோறும் படுக்கையும் கொடுக்க. ரோமின் ஏழு பெரிய கிறிஸ்தவக் கோயில்களையும் ஒரே நடையாகச் சுற்றி வரும் வழக்கத்துக்கு உயிர் கொடுத்தவரும் அவர்தான். கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர். நம் ஊர் கிரிவலம் போலத்தான், கொஞ்சம் நீளம்.

அப்புறம் வந்தவர் ஐந்தாம் சிக்ஸ்டஸ். 1585 முதல் 1590 வரை ஐந்தே ஆண்டு போப்பாக இருந்தார். பழைய ரோமானியர்கள் எகிப்திலிருந்து கொண்டுவந்த கல்தூண்களை, பெரும்பாலும் விழுந்தும் புதைந்தும் கிடந்தவற்றை, தூக்கி நிறுத்தினார். தொமேனிக்கோ ஃபொன்தானா என்ற கட்டடக்காரரை வைத்து 1586இல் புனித பீட்டர் சதுக்கத்தில் ஒன்று, அடுத்த ஆண்டு சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயத்துக்குப் பின்னால் ஒன்று, அதற்கடுத்து லாத்தரான் பேராலயத்தருகே, 1589இல் போப்போலோ சதுக்கத்தில். பெரிய தெருக்களை நேராக வெட்டி அவற்றின் கோடியில் தூணை நட்டார். தெருக்கோடியில் தூண் தெரிந்தால் அதை நோக்கி நடந்தால் போதும், யாரிடமும் வழி கேட்க வேண்டாம். எனக்கு அங்கே இரண்டாம் நாளே போன் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. லாத்தரான் தூணைப் பார்த்துக்கொண்டேதான் விடுதிக்குத் திரும்பினேன். நானூறு ஆண்டு கழித்தும் அந்த ஏற்பாடு வேலை செய்கிறது.

நீங்கள் பட்டியலில் போடாத ஓரிடத்துக்கு முதல் நாளே போய்விடுங்கள். நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில் சாந்த் அகோஸ்தீனோ என்றொரு கோயில். டிக்கெட் கிடையாது. உள்ளே நுழைந்ததும் இடதுபக்கம் முதல் சிற்றாலயத்தில் ஓவியர் கரவாஜ்ஜோ வரைந்த மாதா. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வீட்டு நிலையில் சாய்ந்து நிற்கிறாள், சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தவள் மாதிரி. எதிரே ஒரு கிழவரும் கிழவியும் முழந்தாளிட்டிருக்கிறார்கள். பார்க்கிற நமக்கு முதலில் தெரிவது மாதா இல்லை, அந்தக் கிழவரின் உள்ளங்கால்கள். நம் கண் மட்டத்துக்கு நேராக, அழுக்கு அப்பி, புழுதி ஏறி. பலநூறு மைல் நடந்து வந்த கால்கள். படம் வைக்கப்பட்டபோது ஊரில் பெரிய அமளி என்று அந்தக் காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் போன அன்று எனக்கும் காலெல்லாம் புழுதி. செருப்புப் போட்டுக்கொண்டு பதினைந்து கிலோமீட்டர் நடந்திருந்தேன். (நீங்கள் ஷூ போட்டுக்கொள்ளுங்கள். ரோமின் கருங்கல் தெரு செருப்புக்கு ஆகாது.)

அங்கிருந்து இரண்டு நிமிட நடையில் சான் லூயிஜி தேய் பிரான்சேசி. அங்கே கரவாஜ்ஜோவின் படங்கள் மூன்று, மத்தேயுவின் கதை. போப்போலோ சதுக்கத்துக் கோயிலில் இன்னும் இரண்டு. ஆக ஐந்து கரவாஜ்ஜோவும் சாந்த் அகோஸ்தீனோவில் பார்த்த ஒன்றும், டிக்கெட்டே இல்லாமல். கோயில் இருட்டாக இருக்கும். பக்கத்தில் ஒரு பெட்டி, காசு போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். சில்லறையைச் சேர்த்து வையுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு ஓரமாக இருட்டில் நின்றால் வேறு யாராவது வந்து போடுவார்கள். நான் இரண்டு யூரோ போட்டேன், பத்து யூரோவுக்குப் பார்த்தேன்.

சரி, வெயில். இதுதான் உண்மையான செலவு. ஆகஸ்டில் 32, 33 டிகிரி என்பது சாதாரணம், அதற்கு மேலும் ஏறும். தென்காசிக்காரருக்கு அது ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் தென்காசியில் மத்தியானம் யாரும் கருங்கல் பாவிய வெட்டவெளியில் நான்கு மணிநேரம் நடப்பதில்லை. ரோமாபுரிக்காரர்களும் நடப்பதில்லை, சுற்றுலாக்காரர்கள்தான் நடக்கிறார்கள். காலை ஆறரைக்குக் கிளம்பிவிடுங்கள், அப்போது த்ரேவி நீரூற்றுக்கு எதிரில் நிற்க இடம் கிடைக்கும். பன்னிரண்டரைக்குச் சின்னக் கோயில்களை அடைத்துவிடுவார்கள், மூன்றரை நான்குக்குத்தான் திறப்பார்கள். பெரிய பசிலிக்காக்கள், அதாவது பேராலயங்கள், நான்கும் நாள் முழுக்கத் திறந்திருக்கும். அந்த மூன்று மணிநேரம் ஏதாவதொன்றில் போய் உட்காருங்கள். ஏசி இல்லை, ஆனால் சுவரின் கனம் போதும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஊர் திரும்பவும் மனிதர் நடமாடும் ஊராகும். இரவு பத்து மணிக்குக் கொலோசியத்தை வெளியே சுற்றி வருவதற்குக் காசு இல்லை, கூட்டமும் குறைவு.

தண்ணீர் வாங்காதீர்கள். தெருவுக்குத் தெரு இடுப்பளவு உயரத்தில் இரும்புக் குழாய்த்தூண் நிற்கும். அதன் பெயர் நசோனே, பெரிய மூக்கு என்று பொருள். 1874 முதல் வைத்து வருகிறார்கள், இப்போது இரண்டாயிரத்து ஐந்நூறு போல இருக்கின்றன. தண்ணீர் நிற்காமல் ஓடும், குடிக்கத்தக்கது, சில்லென்று இருக்கும். மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள ஓட்டை வழியாகப் பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம். இந்த வித்தையை எனக்கு ஒரு பள்ளிக்கூடப் பையன் காட்டிக்கொடுத்தான், என் சட்டையை முழுக்க நனைத்துவிட்டு.

உங்கள் ஆறு நாளுக்குள் மாதத்தின் முதல் ஞாயிறு வந்தால் அதிர்ஷ்டம். அன்று அரசு அருங்காட்சியகங்கள் எல்லாமே இலவசம், 18 யூரோ கொலோசியம் உட்பட, ஐந்து யூரோ பாந்தியன் உட்பட. அதனாலேயே கொலோசியத்தில் அன்று கால் வைக்க முடியாது. நான் சொல்வது, டெர்மினி நிலையத்துக்கு எதிரில் பலாஸோ மாஸ்ஸிமோ என்ற அருங்காட்சியகம். கீழ்த்தளத்தில் வெண்கலத்தில் ஒரு குத்துச்சண்டைக்காரன் உட்கார்ந்திருக்கிறான். சண்டை முடிந்துவிட்டது. காது வீங்கி, மூக்கு உடைந்து, காயங்களில் ரத்தத்துக்குச் செம்பு பதித்திருக்கிறார்கள். யாரோ கூப்பிட்ட மாதிரி தலையைத் திருப்பிப் பார்க்கிறான். மாடியில் ஒரு தனி அறை, நாலு சுவரிலும் தோட்டம். பேரரசர் அகஸ்டஸின் மனைவி லிவியாவின் பண்ணைவீட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த சுவரோவியம். மாதுளையும் எலுமிச்சை நிறப் பழங்களும் பறவைகளும். பாதி நிலத்துக்குள் இறக்கிக் கட்டிய அறை அது, கோடையில் ஒதுங்குவதற்கு. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ராஜகுடும்பமும் ஆகஸ்ட் வெயிலுக்கு உங்களைப் போலவே வழி தேடியிருக்கிறது.

ஒன்று கவனம். ஐரோப்பிய ஒன்றியத்து இளைஞர்களுக்கு அரசு இடங்களில் இரண்டு யூரோ என்று எழுதியிருக்கும். அது குடியுரிமை உள்ளவர்களுக்கு. ஜெர்மன் மாணவர் அட்டையை நீட்டி வாதாட வேண்டாம், நம் பிள்ளைகள் பலர் அங்கே அரைமணி நேரத்தை அதில்தான் விடுகிறார்கள். மிஞ்சும் முப்பதை வத்திக்கான் அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதா, கொலோசியத்துக்கா என்பது உங்கள் விருப்பம். நான் இரண்டையும் விட்டேன், வருத்தமில்லை. பீட்டர் பேராலயத்துக்குள் போக எப்படியும் காசில்லை.

அங்கேதான் நான் மாட்டினேன். ஒன்றரை மணிநேரம் வரிசையில் நின்று, வாசலில் என் அரைக்கால் சட்டையைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முட்டியும் தோளும் மூடியிருக்க வேண்டும். மறுநாள் காலை ஏழு மணிக்கு, இரவில் கட்டிக்கொள்ளக் கொண்டுபோயிருந்த நாலு முழ வேட்டியைக் கட்டிக்கொண்டு போனேன். காவலர் மேலிருந்து கீழே பார்த்தார், விட்டுவிட்டார். நீங்கள் ஒரு பருத்தித் துப்பட்டா வைத்துக்கொண்டால் போதும். வெயிலுக்கு, கோயிலுக்கு, விடுதிப் படுக்கைக்கு, எல்லாவற்றுக்கும் அதுவே.

சாப்பாடு. சதுரமாகச் சுட்டு, கத்தரியால் வெட்டி, நிறுத்துக் கொடுக்கும் பீட்சா எங்கும் உண்டு. எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் போதும். உருளைக்கிழங்கு போட்டதும் வெறும் தக்காளி போட்டதும் சைவம். சுப்ளி என்ற சோற்று உருண்டையை மட்டும் உள்ளே என்ன என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், உள்ளே பெரும்பாலும் கறி இருக்கும். காப்பியை நின்றுகொண்டே குடியுங்கள், உட்கார்ந்தால் விலை வேறு. ஒரு நாள் மட்டும் உட்கார்ந்து காச்சோ எ பெப்பே சாப்பிடலாம், பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டுமே போட்ட பாஸ்தா. அதில் போடும் பெக்கொரினோ பாலாடைக்கட்டி ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால் உறைய வைத்தது. உங்கள் சைவம் எவ்வளவு கறார் என்பதைப் பொறுத்து முடிவு செய்துகொள்ளுங்கள். மிளகில் ஒரு கதை இருக்கிறது. பழைய ரோமானிய ஃபோரத்தில், அதாவது பொதுச் சதுக்கத்தில், மாக்சென்டியஸ் மண்டபம் பின்னாளில் எழுந்த இடத்தில், பேரரசர் தொமிதியன் காலத்து மிளகுக் கிடங்கு இருந்தது. முசிறியில் பொன்னைக் கொடுத்து நம் சங்கப் பாட்டில் வருகிற யவனர் ஏற்றிப்போன கறி, அதாவது மிளகு, போய் இறங்கியது அந்த மாதிரி இடத்தில்தான்.

தனியாக இருப்பது பற்றி. டெர்மினியிலிருந்து வத்திக்கான் போகும் 64ஆம் எண் பஸ் ஜேபடிக்குப் பேர்போனது, அதில் ஏறாதீர்கள். கையில் கயிறு கட்ட வருகிறவர்களிடம் கையை நீட்டாதீர்கள். பாஸ்போர்ட்டையும் குடியிருப்பு அட்டையையும் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி ரோமின் மையப்பகுதித் தெருக்களில் கோடை இரவு பதினொரு மணிக்கும் குழந்தைகள் ஐஸ்க்ரீமோடு ஓடிக்கொண்டிருப்பார்கள். அம்மாவிடம் அதைச் சொல்லுங்கள். தினமும் ஒரே நேரத்தில் கூப்பிடுங்கள், அவர் கேட்பது அவ்வளவாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 5ஆம் தேதி மட்டும் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ள வேண்டாம். நாலாம் நூற்றாண்டில் அந்த நாளில், நடுக்கோடையில், ஒரு குன்றின் மேல் பனி பெய்ததாம். பனி விழுந்த இடத்தில் மாதாவுக்குக் கோயில் கட்டினார்களாம். அதுதான் சாந்தா மரியா மஜ்ஜோரே. போப் பிரான்சிஸை 2025இல் அடக்கம் செய்ததும் அங்கேதான். உங்கள் விடுதி டெர்மினிப் பக்கம் என்றால் பத்து நிமிட நடை. ஆண்டுதோறும் அன்றைய பூசையின் நடுவே கூரையிலிருந்து வெள்ளைப் பூவிதழ்களைக் கொட்டுவார்கள், பனியாக. சீக்கிரம் போய் இடம் பிடியுங்கள். அம்மாவுக்கு வீடியோ காலெல்லாம் உள்ளே வேண்டாம். தரையில் விழுந்ததில் இரண்டு இதழைப் பொறுக்கிக்கொண்டு வாருங்கள். பாஸ்போர்ட்டுக்குள் வைக்காதீர்கள், கறை பிடிக்கும்.